நீரிழிவு மரபணு ஆய்வில் ஒருவருடைய மேற்கோள் எண்ணிக்கையை எப்படி வாசிப்பது?

கேள்வி: கோலார்க்காரி, பெங்களூரு

வணக்கம். இங்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் நீரிழிவு மரபியலில் முனைவர் பட்டம் முடித்து, உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்து வருகிறேன். சென்ற வாரம் கையில் எடுத்த படிவத்தில் மொத்தக் கட்டுரைகள், மொத்த மேற்கோள்கள் (பிறர் தங்கள் கட்டுரைகளில் நம் கட்டுரைகளைச் சுட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் என்று மூன்று கட்டங்களே இருக்கின்றன. என் மேற்கோள்களில் பத்தில் ஒன்பது பங்கு, பல ஆய்வு மையங்கள் சேர்ந்து எழுதிய, 200-க்கும் மேற்பட்டோர் பெயர் உள்ள ஒரே கூட்டமைப்புக் கட்டுரையிலிருந்து வருகிறது. அதில் என் பெயர் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆனால், கோலார் பக்கத்துக் கிராமங்களில், பெண்கள் மல்பெரி இலை பறிக்கக் கிளம்புவதற்கு முன் விடியற்காலையில் போய் நின்று, வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, ஊதா மூடிக் குழாயையும் சாம்பல் மூடிக் குழாயையும் ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து, இரண்டு ஆண்டுகள் உழைத்து முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரைக்குக் கிடைத்தவை 11 மட்டுமே. பெரிய எண்ணை அப்படியே எழுதுவது நேர்மையாகுமா?

பதில்: ஜாலஹள்ளிவாசி

எழுதலாம், அது பொய்யில்லை. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்மொழிந்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். தலா 20 முறைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் இருந்தால் ஒருவருடைய எச் 20 ஆகும். ஒரு கட்டுரையை ஒருவர் எழுதினாரா, முந்நூறு பேர் சேர்ந்து எழுதினார்களா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

நம் துறையில் ஆசிரியர் பட்டியல் நீள்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2006-இல் ஐஸ்லாந்தின் டிகோட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்தின் குழு டிசிஎஃப்7எல்2 மரபணுவை இரண்டாம் வகை நீரிழிவோடு இணைத்தது. அந்த மரபணுவில் நோய் ஆபத்தைக் கூட்டும் மாறுபாட்டின் (டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இடம்) ஒரு பிரதி நோய் வாய்ப்பை ஏறத்தாழ 1.4 மடங்காக்குகிறது. பிறகு கிடைத்த பெரும்பாலான மாறுபாடுகளின் விளைவு இதைவிட மிகச் சிறியது என்பதால், அவற்றைப் பிரித்தறிய இலட்சக்கணக்கானோரின் தரவு தேவைப்பட்டது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 74,124 நோயாளிகளையும் நோயற்ற 8,24,006 பேரையும் ஒப்பிட்டு நோயோடு தொடர்புள்ள 403 தனித்தனி மரபணுச் சமிக்ஞைகளைக் கண்டது. மரபணு ஆபத்து மதிப்பெண் (பல மாறுபாடுகளைக் கூட்டி ஒருவருடைய நோய் வாய்ப்பை மதிப்பிடும் எண்) கணக்கிடுகிறவர்கள் இத்தகைய கட்டுரையைத்தான் அடித்தளமாகக் காட்டுவார்கள். அந்த மேற்கோள்கள் துறையின் பொதுச் சொத்து. தனிமனிதரின் திறனுக்கு அவற்றைச் சான்றாக நிறுத்த முடியாது.

பதில்: கரோல்பாக் தமிழன், தில்லி

முந்தைய பதிலோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்த 2018 ஆய்வு ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவைக் கொண்டது. தெற்காசியரை மையமாக வைத்த 2011 ஆய்வு ஆறு புதிய மரபணு இடங்களைக் கண்டது. 2013-இல், இங்கே தில்லியில் உள்ள ஐஜிஐபி என்ற மரபணு ஆய்வு நிறுவனத்தார் முன்னின்று நடத்திய இந்திய ஆய்வு, இரண்டாம் குரோமோசோமில் டிமெம்163 மரபணு உள்ள பகுதியைச் சுட்டியது. இவற்றை ஐரோப்பியத் தரவோடு வேலை செய்கிறவர் ஒவ்வொருவரும் மேற்கோள் காட்ட வேண்டிய தேவை எழுவதில்லை. ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு 2023-இல் மதிப்பிட்டபடி இந்த நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கும்போது, கோலார்த் தரவுக்கு விழுந்த 11 மேற்கோள்களை ஒரு தேர்வுக் குழு வெறும் 11 என்று படித்தால் எனக்கு மனம் பொறுக்காது. அதே சமயம், எண் குறைவு என்பதாலேயே ஒரு கட்டுரை நல்லதாகிவிடாது. அந்த 11 பேரும் உங்கள் முடிவைப் பயன்படுத்தினார்களா, அல்லது முன்னுரையில் ஒரு வரியில் கடந்து போனார்களா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

பதில்: ஜாலஹள்ளிவாசி

அதுதான் சரியான சோதனை. கட்டுரையின் வயதையும் பாருங்கள். 2007-இல் வந்த கட்டுரையோடு போன ஆண்டுக் கட்டுரையை ஒப்பிடுவதில் பொருளில்லை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் நடத்தும் ஐசைட் தளத்தில், துறையையும் ஆண்டையும் கணக்கில் எடுத்த ஒப்பீட்டு விகிதம் இலவசமாகக் கிடைக்கிறது, அங்கே 1.0 என்றால், என்ஐஎச் நிதியுதவி பெற்ற கட்டுரைகளின் நடுமதிப்புக்கு இணை என்று பொருள். கூட்டமைப்புக் கட்டுரையில் உங்கள் கை பட்ட வேலை எது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள்.

கோலார்க்காரி

இருவருக்கும் நன்றி. 11 கட்டுரைகளையும் நேற்றிரவு படித்தேன். நான்கு கட்டுரைகள் எங்கள் மாறுபாட்டு விகிதங்களைத் தங்கள் ஒப்பீட்டில் பயன்படுத்தியிருக்கின்றன, மீதி ஏழும் பெயரளவில்தான். கட்டங்களில் முழு எண்களையே இட்டு, கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: “மேற்கோள்களில் பெரும்பகுதி ஒரு கூட்டமைப்புக் கட்டுரைக்கு உரியது, அதில் என் பங்கு, எங்கள் மையத்து மாதிரிகளின் மரபணுத் தரவைத் தர ஆய்வு செய்தது. முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரையின் தரவை நான்கு ஆய்வுகள் நேரடியாகப் பயன்படுத்தியுள்ளன.” படிவம் வெள்ளிக்கிழமை போகிறது. “தர ஆய்வு” என்பது குழுவில் உள்ள மரபியல் அல்லாதவர்களுக்குப் புரியுமா, அல்லது இன்னும் விரித்து எழுத வேண்டுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்.