பழைய டாட் ரெக்கார்டர் வாங்குவதற்கு முன் எவற்றைச் சோதிப்பது?

அனைவருக்கும் வணக்கம். 1990களில் பதிவு செய்த நேர்காணல்கள் அடங்கிய டாட் (DAT, ஒலியை எண்ம முறையில் பதியும் நாடா) கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவதற்காக, பழைய டாட் ரெக்கார்டர் ஒன்றை வாங்க விரும்புகிறேன். 1987இல் சோனி அறிமுகப்படுத்திய இந்த வகைக் கருவிகளின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், சந்தையில் கிடைப்பவை அனைத்தும் பிறர் பயன்படுத்தியவையே.

முன்பு ஒருவரிடம் "நன்றாக இயங்குகிறது" என்ற சொல்லை நம்பி வாங்கிய கருவி, விளக்குகள் எரிந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. நாடாவை உள்ளிழுத்துக் கசக்கியதைச் செயல் என்று கணக்கிட்டாலன்றி.

நாடாவிலுள்ள பதிவைப் படிக்கும், நிமிடத்திற்கு 2000 சுற்றுகள் சுழலும் தலை உருளையின் தேய்மானத்தை வாங்குவதற்கு முன்பே அறிய வழியுண்டா? சில தொழில்முறைக் கருவிகள் உருளை இயங்கிய மணிநேரத்தைத் திரையில் காட்டும் என்பதை அறிவேன்; ஆனால் உருளையை மாற்றியவர் அந்த எண்ணைத் திருத்தாமல் விட்டிருந்தால் அதை எவ்வாறு நம்புவது? நாடாவை நகர்த்தும், இறுகிப்போன ரப்பர் உருளைக்கும் கசிந்த மின்தேக்கிகளுக்கும் மாற்றுப் பொருத்துவது வீட்டிலேயே இயலுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

கூடவே ஒன்று: இயங்காத அந்தப் பழைய கருவியை, குறைகளை வெளிப்படையாகக் குறிப்பிட்டு உதிரிபாகங்களுக்காக விற்க எண்ணுகிறேன். முழுதாக விற்பதா, பிரித்து விற்பதா, எது நியாயமான விலை பெற்றுத்தரும்?