ராணுவத்துக்கு .303, குடிமக்களுக்கு .315: இந்த வேறுபாடு எப்படி வந்தது?

போடிமலை எழுதியது:

வணக்கம். ஏலத்தோட்டம் வைத்திருந்த என் தாத்தா காலமான பிறகு, அவர் உரிமத்துடன் வைத்திருந்த ரைபிளை ஆயுத விற்பனையாளர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். அது வங்காளத்தில் உள்ள இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டது; குழலின் உள்விட்டம் அங்குலக் கணக்கில் .315 என்று பொறித்திருக்கிறது. போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னே தள்ளித் தோட்டாவை ஏற்றும் விதம் முழுவதும், காவலர்கள் தோளில் மாட்டியிருந்த பழைய .303 ரைபிளைப் போலவே இருக்கிறது. ஒரே தொழிற்சாலையில் ஏறத்தாழ ஒரே பொறியமைப்புடன் செய்துவிட்டு, குழலின் அளவை மட்டும் மாற்றியது ஏன்? எது அதிக ஆபத்தானது என்று பார்த்துத்தான் சட்டம் இரண்டையும் பிரித்ததா? இந்த ரைபிளை என் பெயருக்கு மாற்ற முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆவணப்பித்தன் எழுதியது:

ஆபத்தின் அளவு இங்கே கணக்கிலேயே இல்லை. .315 ரைபிளால் மானையும் வீழ்த்தலாம், மனிதனையும் வீழ்த்தலாம். அரசு அஞ்சியது துப்பாக்கியைக் கண்டு அல்ல, தோட்டாவைக் கண்டுதான். ரைபிளைத் திருடினால் ஒன்றுதான் கிடைக்கும். ஆனால் ராணுவக் கிடங்கிலிருந்து கசியும் தோட்டாக்கள் ஊரில் உள்ள தனியார் ரைபிள்களில் பொருந்துமானால், அத்தனையும் போர்க்கருவிகளாகிவிடும். எனவே படைவீரனின் தோட்டா எந்தத் தனியார் ரைபிளிலும் நுழையக் கூடாது என்பதே ஆட்சியாளர்களின் விதியாக இருந்தது.

1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் குண்டு .450 அளவு கொண்டது. அந்த ரைபிள்கள் இந்தியாவில் பரவிக் கிடந்ததால், 1907 வாக்கில் .450 அளவுள்ள வேட்டை ரைபிள்களையும் தோட்டாக்களையும் இங்கே கொண்டுவருவதற்குத் தடை வந்தது. யானையும் காட்டெருமையும் சுட வந்த துரைமார்களே அதனால் திண்டாடினார்கள். லண்டனின் துப்பாக்கி நிறுவனங்கள் உடனே .465, .470, .475 என்று புதிய அளவுகளை வெளியிட்டன. ஆப்பிரிக்க வேட்டைக் கதைகளில் புகழோடு வரும் அந்த எண்களில் பல, இந்தியாவின் கலக அச்சத்தில் பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது.

.315இன் பின்னணியும் இதுவே. லீ-என்ஃபீல்டு .303 இந்தியப் படைகளின் ரைபிளாக ஆனபோது, அதே பொறியமைப்பில் வேறு தோட்டா பொருந்தும் வேட்டை ரைபிள் தேவைப்பட்டது. அதற்கு எடுத்துக்கொண்டது, ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையின் மான்லிகர் ரைபிளுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான 8 மி.மீ. தோட்டா. .315 அங்குலம் என்பது அந்த 8 மி.மீட்டரேதான்; .303 என்பது 7.7 மி.மீ. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு எதிரணியில் நின்ற பேரரசின் காலாட்படைத் தோட்டா இந்தியத் தோட்டக்காரரின் வேட்டைத் தோட்டாவானது எனக்கு எப்போதும் சுவையான செய்தியாகவே படுகிறது. தோட்டாக் கூட்டின் நீளமும் பருமனும் வேறு என்பதால், .303 தோட்டா உங்கள் தாத்தாவின் ரைபிளில் உட்காராது.

கருமருந்து எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் கதையை 1907இல் தொடங்குவது போதாது. 1801 டிசம்பரில், பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். 1857க்குப் பிறகு சொந்தச் சிப்பாய் மீதே சந்தேகம் திரும்பியது. கொழுப்புத் தடவிய தோட்டா விவகாரத்தில் சிக்கிய 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டின் சிறப்பு, குழலின் உள்ளே வெட்டிய சுழல்வரிகள். குண்டு நேராகவும் தொலைவாகவும் செல்வது அவற்றால்தான். கலகத்துக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று செய்த துப்பாக்கி வெளித்தோற்றத்தில் அதே என்ஃபீல்டுதான், ஆனால் குழலின் உள்ளே வரிகளே இல்லை. நூறு கெஜத்துக்கு அப்பால் அதை நம்பிக் குறிபார்க்க முடியாது.

வைசிராய் லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதே மனநிலையைக் குடிமக்கள் மீது ஏவியது: இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. பின்னாளில் பழைய என்ஃபீல்டு ரைபிள்களையே இச்சாப்பூரில் .410 வழுவழுப்புக் குழலாக மாற்றிக் காவலர்களிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு நேரத்தில் ஒரே தோட்டாவைத்தான் ஏற்ற முடியும். ஆகவே தோட்டாக் கணக்கு மட்டும் காரணமன்று. ஆள்வோரைவிட ஒரு படி தாழ்ந்த ஆயுதமே ஆளப்படுவோர் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

வழக்காடி எழுதியது:

இன்றைய நிலையைச் சொல்கிறேன். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாகவே அறிவித்தது. ஆனால் அரசமைப்பில் அது இடம்பெறவில்லை, 19ஆவது உறுப்பு ஆயுதமின்றிக் கூடும் உரிமையைத்தான் தருகிறது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் இனப் பாகுபாட்டை நீக்கியதே தவிர, தோட்டாப் பிரிவினையை நீக்கவில்லை. 1962 விதிகளின் அட்டவணை .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாக்களைச் சுடக்கூடிய ரைபிள்களையும், ராணுவ 9 மி.மீ. தோட்டா பொருந்தும் கைத்துப்பாக்கிகளையும் தனி வகையில் வைத்தது, மேற்சொன்ன .410 வழுவழுப்புக் குழல் துப்பாக்கியும் (மஸ்கட்) அதில் உண்டு. விசையை அழுத்தியிருக்கும் வரை தொடர்ந்து சுடும் தானியங்கி ஆயுதங்களைச் சட்டமே தடைசெய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அவற்றை வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை.

உங்களுடையது அந்தத் தனி வகையில் சேராத, தடைசெய்யப்படாத அளவு. சட்டபூர்வ வாரிசு என்ற முறையில், 2016 விதிகளின்படி, உங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவரிடம் மூன்று துப்பாக்கிகள் வரை இருக்கலாம் என்பதை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது, வாரிசு வழியில் வருவதும் அந்தக் கணக்கில் சேரும். விற்பனையாளர் கொடுத்த ஒப்படைப்பு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்தில் ரைபிள் வீட்டில் இருக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

போடிமலை எழுதியது:

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. ஒரு சிறு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: ராணுவம் .303ஐ விட்டு எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் என்ற புதிய ரைபிள்களுக்கு மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் கட்டுப்பாடு தளராதது ஏன்?

ஆவணப்பித்தன் எழுதியது:

ராணுவம் விட்டாலும் காவல்துறை விடவில்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் .303க்கு விடைகொடுத்தது. தோட்டா ஏதோ ஒரு மாநிலத்தின் அரசுக் கிடங்கில் இருக்கும் வரை, 1907இல் சொன்ன அதே வாதம் அதிகாரிகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.