பேர்லவுக் பறித்த, வளர்த்த அனுபவங்கள்

பேர்ன்வாசி:
மார்ச் கடைசி. மச்சாள் ஆற்றங்கரைக் காட்டில் ஒரு பை நிறைய பேர்லவுக் (பூண்டு மணக்கும் காட்டுக்கீரை, காட்டுப்பூண்டு) பறித்து வந்தார். வறைக்குத் தேங்காய் திருவியாச்சு, அடுப்பில் கடுகு வெடிக்கிறது, நான் இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவுகிறேன் (வீட்டில் இதற்கு எனக்குக் கேலிதான்). நடுவில் ஒரு கொத்து வந்தது. மூன்று இலை, காம்பே இல்லை, அடியில் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தது, இரண்டு பக்கமும் மினுக்கம். மச்சாள் வாங்கி மணந்துவிட்டு, "பூண்டு மணக்குதுதானே, போடு" என்றார். அந்த "போடு" இன்னும் காதில் நிற்கிறது. பக்கத்து வீட்டு சுவிஸ் அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஹெர்ப்ஸ்ட்சைட்லோசெ என்றார், பேர்லவுக் மாதிரியே இலை உள்ள நச்சுச்செடி. முழுப்பையும் குப்பைக்கு.

ஸ்டுட்கார்ட் ராசா:
முழுப்பையும் கொட்டியது அநியாயம். கசக்கி மணந்தால் தெரிந்துவிடும், நாங்கள் அப்படித்தான் எடுக்கிறோம். எங்களுக்கு வந்த வில்லங்கம் வேறு. மூன்று பை கட்டி காருக்குக் கொண்டுபோகும்போது ஒரு வனக்காவலர் மறித்தார். சத்தம் போடவில்லை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார், ஒரு கைப்பிடிக் கொத்து, அவ்வளவுதான் சட்டம். காப்புக்காட்டில் அதுவும் கிடையாதாம். பிள்ளைகள் முன்னால் அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் வெட்கம்.

ஊர்க்குருவி:
ராசா அண்ணை, இதை எழுதாமல் போக மனமில்லை. முதல் பத்து இலை பறித்தவுடனே உங்கள் விரலே பூண்டு மணக்கும், அதற்குப் பிறகு எந்த இலையை மணந்தாலும் பூண்டுதான். கண்ணால் பாருங்கோ. பேர்லவுக்குக்கு ஒவ்வோர் இலையும் தனித்தனிக் காம்போடு மண்ணிலிருந்து வரும், அடிப்பக்கம் மங்கலாக இருக்கும். இதோடு குழம்புகிற இன்னொரு செடி மைக்ளோக்ஷென் (லில்லி ஆஃப் த வேலி), ஒரே தண்டில் இரண்டு இலை, அதுவும் நஞ்சு. ஹெர்ப்ஸ்ட்சைட்லோசெ பூப்பது இலையுதிர் காலத்தில், வசந்தத்தில் வெறும் இலைதான், அதனால் பூவைப் பார்த்துத் தப்பவும் வழியில்லை. அதில் இருப்பது கொல்சிசின். எங்கட கார்த்திகைப்பூக் கிழங்கில் இருக்கிற அதே நஞ்சு, இரண்டும் ஒரே குடும்பம். தின்று பல மணி நேரம் ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தி, பேதி, வயிற்றுக் காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் படுத்துவிடுவார்கள். மாற்று மருந்து இல்லை. சுவிஸில் இருப்பவர்கள் நஞ்சு அவசர உதவி எண் 145ஐ எழுதி வையுங்கோ. இன்னொன்று, நரி எச்சத்தால் இலையில் ஒட்டக்கூடிய நரி நாடாப்புழுவுக்குப் பயந்து வீட்டு ஃபிரீசரில் வைக்கிறவர்கள் வீணாய் வைக்கிறீர்கள், அந்தக் குளிருக்கு அதன் முட்டை சாகாது. சமையுங்கோ.
என் கதை ஒன்றும் பெரிதில்லை, ஒருமுறை பறித்தேன், சம்பல் போட்டேன், பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

லீட்ஸ் தோட்டம்:
இவ்வளவு பயம் எதற்கு, வீட்டிலேயே வையுங்கோ. விதை போட்டால் பொறுமை வேண்டும், குளிர்காலம் படாமல் முளைக்காது, எனக்கு வந்தது இரண்டாவது வசந்தத்தில்தான், அதுவும் புல் மாதிரி ஒற்றை இலை. நர்சரியில் சட்டியோடு வாங்குவது சுகம். காட்டில் கிழங்கு தோண்டாதேயுங்கோ, நிலக்காரர் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்குவதை இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வெயில் படாத, ஈரம் காயாத மூலை போதும். கொட்டிலுக்குப் பின்னால் ஒன்றும் வளராத இடத்தில் வைத்தேன், இப்போது பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கமும் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கிறது, அவர் என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டார். கோடை நடுவில் இலையெல்லாம் மஞ்சளாகி மறைந்துவிடும், செத்துவிட்டது என்று கொத்திவிடாதேயுங்கோ. மொட்டை உப்பு, வினாகிரியில் ஊறப்போடலாம். இலையை அதிகம் வதக்கினால் வாசம் போய்விடும், அடுப்பை அணைத்த பிறகு சொதியில் போடுங்கோ. பூவை உளுந்து வடை மாவில் பிய்த்துப் போட்டுப் பாருங்கோ, இலையைவிட அதுதான் திறம்.