படத்தைக் கொடுத்துக் கேட்க மூன்று வயசுப் பையனுக்கு வீட்டில் எப்படிப் பழக்குவது?

செந்தூல் அம்மா:
வணக்கம். பையனுக்கு 3 வயசு 4 மாசம். ஆட்டிசம்னு உறுதியாகிவிட்டது. பேச்சு இன்னும் வரல. எது வேணும்னாலும் நம்ம கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஃபிரிஜ் முன்னால நிறுத்துவான். அரசாங்க மருத்துவமனையில் ஸ்பீச் தெரப்பி மாசம் ஒரு தடவை, 45 நிமிஷம். ஓ.டி.யும் (அன்றாடச் செயல்களுக்கான தெரப்பி) அப்படித்தான். வீட்டில் படத்தை வச்சுப் பழக்கச் சொல்லியிருக்காங்க. ஆனா படத்தை நீட்டினா வாங்கி எறியறான். என்ன தப்பு செய்யறேன்?
இன்னொரு கேள்வி. பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பாலர் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும். "ஆங்கிலத்துக்கே மாறிடுங்க"ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. மாறணுமா?

பேச்சுப் பயிற்சி கே.எல்.:
"படத்தை நீட்டினா" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். நீட்ட வேண்டியவன் அவன். படத்தைக் கொடுத்தால் பொருள் கைக்கு வரும் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. தெரியாதவரை அது வெறும் அட்டை, எறியத்தான் செய்வான்.

இந்த முறைக்கு பெக்ஸ் (PECS, படத்தைக் கொடுத்துப் பொருளைக் கேட்கும் முறை) என்று பெயர். ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985-இல் அமெரிக்காவில் உருவாக்கியது. முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் கட்டாயம் வேண்டும். பொருளை வைத்துக்கொண்டு ஒருவர் முன்னால், பையனுக்குப் பின்னால் இன்னொருவர். பின்னால் இருப்பவர் வாயே திறக்கக் கூடாது. பாட்டியை அங்கே உட்கார வைக்கலாம், பேசாமல் இருப்பார் என்றால்!

பொருள் அவன் உயிரை விடுகிற ஒன்றாக இருக்கட்டும். மைலோ பானம் என்றால் சின்னக் கப்பில் இரண்டு வாய் மட்டும். முழுக் கப்பையும் கொடுத்துவிட்டால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. ஒரே ஒரு படத்தை மேசையில் வையுங்கள். முன்னால் இருப்பவர் கப்பைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். "என்ன வேணும்?", "படத்தைக் கொடு" எதுவும் வேண்டாம். அவன் கப்புக்குக் கையை நீட்டுவான். அந்த நொடியில் பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் படத்துக்குக் கொண்டுபோய், எடுக்க வைத்து, முன்னால் இருப்பவரின் உள்ளங்கையில் விட வைக்கிறார். படம் கையில் விழுந்ததும் "மைலோ!" என்று சொல்லிக்கொண்டே கொடுத்துவிடுங்கள். ஐந்து விநாடி தாமதித்தால்கூட எதற்காகக் கிடைத்தது என்ற தொடர்பு அறுந்துவிடும்.

உதவியைக் கடைசியிலிருந்து குறையுங்கள். முதலில் கையில் விடுவதை அவனே செய்யட்டும், பிறகு நீட்டுவதை, கடைசியாக எடுப்பதை. கையைத் தொட்டாலே உதறினால் விட்டுவிடுங்கள், முழங்கையை லேசாகத் தள்ளினால் போதும். ஒரு நேரத்துக்கு ஐந்தாறு தடவை, நாளைக்கு மூன்று நேரம். பத்துக்கு எட்டுத் தடவை உதவியில்லாமல் கொடுத்தால் அடுத்த கட்டம்: நீங்கள் ஓரடி தள்ளி உட்கார வேண்டும், அவன் எழுந்து வந்து கொடுக்க வேண்டும். இரண்டு படங்களில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது அதற்கும் பிறகு. முதல் வாரமே பத்துப் படத்தைப் பலகையில் ஒட்டிவிடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு.

முன்னால் இருப்பவர் தொடக்கத்திலேயே உள்ளங்கையை விரித்து வைப்பது இன்னொரு தப்பு. பிறகு விரித்த கையைப் பார்த்தால்தான் கொடுப்பான், அப்பா செய்தித்தாள் படிக்கும்போது தானாக வந்து கேட்க மாட்டான்.

படம் பழகினால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். படம் பேச்சைத் தடுப்பதில்லை.

கெப்போங் ஆசிரியை:
மொழி பற்றி மட்டும் சொல்றேன். மாறாதீங்க. இரண்டு மொழி கேட்டு வளர்ற ஆட்டிசப் பிள்ளைங்க அதனால பின்தங்கறதில்லைன்னுதான் ஆய்வுகள் காட்டுது. பாட்டி தனக்கு வராத ஆங்கிலத்துல "கம், சிட், ஈட்"னு மூணே சொல்லோட நிறுத்திக்கிட்டா, பிள்ளை கேட்கிற பேச்சுதான் குறையும்.
ஆனா ஒரு விஷயத்துல கறாரா இருங்க. ஒரே டம்ளருக்குப் பாட்டி "தண்ணி", அப்பா "வாட்டர்", பள்ளியில மலாயில "ஆயர்"னு சொன்னா தொடக்கத்துல குழம்பும். இப்போ பழக்கற படங்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு சொல் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே சொல். அந்தப் பட்டியலை உச்சரிப்போட எழுதித் தெரப்பிஸ்ட்கிட்டயும் பள்ளியிலயும் கொடுங்க. தெரப்பிஸ்ட் மலாய்க்காரரா இருந்தாலும் "தண்ணி"ன்னு சொல்ல அவருக்கு அரை நிமிஷம் போதும்.

ஓ.டி. அக்கா:
எறியறதைப் பத்தி ஒரு வார்த்தை. எந்த நேரத்துல, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, பின்னாடி அவனுக்கு என்ன கிடைச்சதுன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. மூணு நெடுக்குக் கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாசத்துக்கு 45 நிமிஷம் பார்க்கிற எங்களுக்கு அந்த நோட்டு தங்கம்.
டிவியை நிறுத்தும்போது எறியறான்னா "முதல்ல–பிறகு" அட்டை செய்யுங்க. இடப்பக்கம் குளியல், வலப்பக்கம் டிவி. குளிச்சதும் டிவி கட்டாயம் வரணும். ஒரு தடவை ஏமாத்தினா அட்டை செத்துடும். பிடிக்காத வேலைக்கு மட்டும் அட்டையை எடுத்தாலும் அட்டையைப் பார்த்ததுமே ஓடுவான், அதனால "முதல்ல பிஸ்கட், பிறகு பார்க்"னு சும்மாவும் காட்டுங்க.
தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போற எண்ணம் இருந்தா, காது மூடியை உறுமிச் சத்தத்துக்கு நடுவுல முதல் தடவையா மாட்டாதீங்க. வீட்டுல அமைதியா இருக்கும்போது பத்து விநாடியில தொடங்கிப் பழக்குங்க.

கணக்கர் தம்பி:
தெரப்பி எனக்குத் தெரியாது, பேப்பர் வேலை தெரியும். ஓ.கே.யு. கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) இன்னும் எடுக்கலன்னா ஜே.கே.எம்.-இல் (மலேசியச் சமூக நல இலாகா) பதியுங்க. மருத்துவர் உறுதிப்படுத்திய படிவம் வேணும். ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும். கார்டு இருந்தா அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் இல்லை.
தனியார் தெரப்பிக்குப் போனா ரசீதை எறிஞ்சிடாதீங்க. 2025 மதிப்பீட்டு ஆண்டில் இந்தச் செலவுக்கு 6,000 ரிங்கிட் வரை வருமான வரிக்கழிவு இருந்தது, இப்போதைய வரம்பைப் பார்த்துக்கோங்க. மருத்துவச் செலவுக்கான 10,000 ரிங்கிட் வரிக்கழிவுக்கு உள்ளேதான் அது அடங்கியது. தெரப்பிஸ்ட் 2016-ஆம் ஆண்டின் 774-ஆம் சட்டப்படி (துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம்) பதிவு பெற்றவரா இருக்கணும். முதல் நாளே பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிடுங்க. சிலர் "சென்டர்" பேரை மட்டும் போட்டு ரசீது கொடுப்பாங்க.

செந்தூல் அம்மா:
ரொம்ப நன்றிங்க. பின்னால உட்காரறது அவங்க அப்பான்னு முடிவாயிடுச்சு. ஒரே ஒரு சந்தேகம். லேமினேட் செஞ்ச படத்தை ஓரத்துல மென்னு பிரிச்சிடறான், உள்ளே எச்சில் இறங்கிக் காகிதம் ஊறிப்போகுது.

பேச்சுப் பயிற்சி கே.எல்.:
லேமினேட் செய்த பிறகு படத்தோடு ஒட்டி வெட்டியிருப்பீர்கள். முதலில் காகிதத்தை 5 செ.மீ. சதுரமாக வெட்டி, பிறகு லேமினேட் செய்து, சுற்றிலும் 3 மி.மீ. பிளாஸ்டிக் விட்டு வெட்டுங்கள். அந்த ஓரம் ஒட்டியிருக்கும்வரை எச்சில் இறங்காது. முனைகளை நகவெட்டியால் வட்டமாக்குங்கள், உதட்டைக் குத்தாது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டையின் சொரசொரப்புப் பக்கம் எல்லாப் படத்திலும், மெத்தென்ற பக்கம் பலகையில். மாற்றி மாற்றி ஒட்டினால் பாதிப் படம் நிற்காது. மைலோ படத்தில் மட்டும் மூன்று பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று எப்படியும் சோபாவுக்கு அடியில்தான் இருக்கும்.