எலுமிச்சையைக் கொதிக்க விடலாமா? இஞ்சிக் குடிநீரை வைத்து எங்கள் வீட்டில் மூண்ட வழக்கு

கல்மண்டபத்து மருமகள்

மூன்று நாளாக மழை விடவில்லை. இராயபுரத்தில் கார்த்திகை மழையும் கடல் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டில் நான்கு பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்து ஒரு குடிநீர் வைத்தேன். தேயிலை போடாததைத் தேநீர் என்று சொல்ல மனம் வரவில்லை, அதனால் குடிநீர் என்கிறேன்.

சண்டை அங்கேதான் தொடங்கியது. என் மாமியார் இஞ்சியையும் எலுமிச்சையையும் தோல், விதை எதையும் நீக்காமல் வில்லை வில்லையாக நறுக்கி, ஒன்றாகப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க வைப்பார். நான் அப்படிச் செய்வதில்லை. இரண்டு டம்ளர், அதாவது 400 மில்லி தண்ணீரில் கட்டைவிரல் அளவு இஞ்சியைத் தோல் சீவித் தட்டிப் போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் விடுகிறேன். அடுப்பை அணைத்தபின் கமலா ஆரஞ்சுத் தோலில் வெள்ளைப் பகுதி ஒட்டாமல் இரண்டு கீற்று சீவிப் போட்டு, தட்டு போட்டு 5 நிமிடம் மூடிவைக்கிறேன். பிறகு வடிகட்டி, குடிக்கிற சூடு வந்ததும் அரை மூடி எலுமிச்சை பிழிந்து ஒரு தேக்கரண்டி தேன் கலக்கிறேன்.

எலுமிச்சையைக் கொதிக்க வைத்தால் வைட்டமின் சி போய்விடும் என்று சொன்னேன். "நாற்பது வருடமாகக் குடித்தவர்கள் யாரும் செத்துப்போகவில்லை" என்றார் மாமியார். யார் பக்கம் நியாயம்?

கொருக்குப்பேட்டை கேட்டடி

உன் மாமியார் பக்கம்தான், மகளே.

என் அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் இரவு வேலை பார்த்தவர். விடியற்காலையில் நனைந்து வருவார். எங்கள் வீட்டில் ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. அதில் ஒரே பாத்திரத்தில் இஞ்சி, எலுமிச்சை, நான்கு மிளகு, கொஞ்சம் கருப்பட்டி எல்லாவற்றையும் போட்டு அம்மா கொதிக்க விடுவார். அப்பா அதைக் குடித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிப் படுத்தால் வேர்த்துக் கொட்டும். மாலையில் எழுந்து மறுபடியும் வேலைக்குப் போவார். அணைத்தபின் ஒன்று, ஆறியபின் ஒன்று என்று பார்த்துப் பார்த்துச் செய்ய அம்மாவுக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

இன்னொன்று. தோலையும் விதையையும் கொதிக்க வைத்தால் கசக்கும் என்றுதானே பயப்படுகிறாய்? அந்தக் கசப்புதான் மருந்து. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சியோடு உப்பு நாரத்தங்காய் எதற்குக் கொடுக்கிறோம்? செத்துப்போன நாக்கை எழுப்பத்தான். இனிப்பாக ஏதாவது வேண்டுமென்றால் கடையில் சர்பத் குடிக்கலாம்.

பெரம்பூர் வேதியியல் வாத்தியார்

இருவரும் பொறுத்தருள வேண்டும். வைட்டமின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

எலுமிச்சைச் சாறு 100 மில்லியில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. நம் ஊர்ச் சிறிய பழத்தில் அரை மூடி பிழிந்தால் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி வரும். ஆக மருமகள் வைக்கும் இரண்டு டம்ளர் குடிநீருக்கும் சேர்த்து 3 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவு ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம். கொதிக்க வைத்து முழுவதையும் இழந்தாலும் மருமகள் இழப்பது அந்த மூன்றுதான். வைட்டமின் சி வேண்டுமென்றால் கொய்யாப்பழம் தின்னுங்கள். 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

ஆனால் சூடு வைட்டமின் சியைக் கெடுக்கும் என்பது உண்மை. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இல், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளில் இருவருக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் கொடுத்தார். அந்த இருவரும்தான் விரைவாகத் தேறினார்கள். பிறகு அவரே, நீண்ட பயணத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று சாற்றைச் சூடாக்கி வற்றவைத்துப் புட்டியில் அடைக்கும் முறையைப் பரிந்துரைத்தார். வற்றிய சாற்றில் மருந்து நிற்கவில்லை. துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தினமும் வைட்டமின் சி சாப்பிடுபவர்களுக்கும் சளி வரத்தான் செய்கிறது. வந்த சளியின் நாள்கள் சற்றே குறைகின்றன, அவ்வளவுதான். தொண்டைக்கு இதம் தருவது வேறு. வெதுவெதுப்பு ஒன்று. புளிப்பும் இஞ்சியின் காரமும் எச்சில் ஊறச் செய்து தொண்டையை நனைப்பது இன்னொன்று. தேனின் பிசுபிசுப்பு மூன்றாவது.

கல்மண்டபத்து மருமகள்

வாத்தியார் ஐயா, வைட்டமின் வாதத்தை நான் திரும்பப் பெறுகிறேன். மூன்று மில்லிகிராமுக்காக மாமியாரோடு சண்டை போட்டதில் எனக்கு வருத்தம்தான்.

ஆனால் வழக்கை விட மாட்டேன். கேட்டடி ஐயாவை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் எலுமிச்சை ரசம் வைத்தால் எப்போது பிழிவார்கள்? அடுப்பை அணைத்து இறக்கியபின்தானே? ரசத்துக்கு ஒரு நியாயம், குடிநீருக்கு ஒரு நியாயமா? எலுமிச்சை சாதத்துக்கும் அதே வழக்கம்தான். எந்தப் படிப்பும் இல்லாமல் நம் பாட்டிகள் கண்டுபிடித்தது இது. என் மாமியாரும் ரசத்தில் இறக்கியபின்தான் பிழிகிறார். அதைத்தான் நான் அவரிடம் காட்டினேன். "ரசம் சோற்றுக்கு, இது நோய்க்கு" என்று சொல்லிவிட்டார்.

பெரம்பூர் வேதியியல் வாத்தியார்

ரச உதாரணம் வலுவானது. எலுமிச்சை விதையிலும் வெள்ளைத் தோலிலும் இருக்கும் ஒரு பொருள் முதலில் கசக்காது. பழத்தின் புளிப்போடு சேர்ந்து நேரம் ஆக ஆக அது லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. சூடு அதை விரைவுபடுத்துகிறது. பிழிந்தபோது நன்றாக இருந்த சாறு அரை மணி கழித்துக் கசப்பது இதனால்தான். மணம் தருவது தோலின் மேல் பகுதியில் உள்ள எண்ணெய். அது ஆவியோடு பறந்துவிடும். கால் மணி நேரம் திறந்து கொதிக்க வைத்தால் சமையலறை முழுக்க மணக்கும், டம்ளரில் கசப்பு மட்டும் மிஞ்சும். மருமகள் அணைத்தபின் தோலைப் போட்டு மூடிவைப்பது சரியான செயல்.

இஞ்சிக்கு இது பொருந்தாது. அது நேரம் கொடுத்தால்தான் இறங்கும்.

ஒற்றியூர்க் கரை

எல்லோரும் எலுமிச்சையைப் பற்றியே பேசுகிறீர்கள், பாத்திரத்தை யாரும் கேட்கவில்லை. மாமியார் எதில் கொதிக்க வைக்கிறார்? எங்கள் வீட்டில் பழைய அலுமினியக் கெட்டில் இருந்தது. எலுமிச்சை போட்டுக் கொதிக்க வைத்துக் கழுவியபோது உள்ளே கருத்திருந்த இடமெல்லாம் பளபளவென்று வெளுத்திருந்தது. அந்தக் கறுப்பு எங்கே போனது? குடித்த வயிற்றுக்குள்தான். அன்றே எவர்சில்வருக்கு மாறினோம். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் புளிப்புக்கு ஆகவே ஆகாது. மண் சட்டியோ எவர்சில்வரோ போதும்.

கொருக்குப்பேட்டை கேட்டடி

பாத்திரம் பற்றித் தம்பி சொன்னதை ஏற்கிறேன். அம்மா ஈயம் பூசிய பித்தளையில்தான் வைப்பார். ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்து வருவார். இப்போது அவரைப் பார்ப்பதே அரிது.

ஆனால் ரசத்தைக் காட்டி என்னை மடக்க முடியாது, மகளே. ரசத்தில் கசப்பு குற்றம். மருந்தில் கசப்பு குற்றமா? நிலவேம்புக் குடிநீரை ஊருக்கெல்லாம் கொடுத்தார்களே, இனித்தா கிடந்தது? உனக்கு வேண்டியது இதமான பானம். எங்களுக்கு வேண்டியிருந்தது மறுநாள் வேலைக்குப் போகும் உடம்பு.

இஞ்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ தோல் சீவுகிறாய், நல்லது. "இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பார்கள். உன் மாமியார் சீவாதது தவறு, அதில் நான் உன் பக்கம். ஆனால் மழைக்காலச் சளிக்குப் பச்சை இஞ்சியைவிடச் சுக்குதான் மேல். இரவில் சைக்கிளில் டிரம் கட்டிக்கொண்டு சுக்குக் காப்பி விற்க வருகிறவர் பச்சை இஞ்சியா போடுகிறார்?

பெரம்பூர் வேதியியல் வாத்தியார்

சுக்கு விஷயத்தில் கேட்டடி ஐயா சொல்வதற்கு ஆதாரம் உண்டு. பச்சை இஞ்சியில் காரம் தருவது ஜிஞ்சரால். காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் ஆகிறது. இஞ்சிக்கு ஜப்பானியர் வைத்த பெயரிலிருந்து வந்த சொல் அது. ஷோகால் இன்னும் காரமானது. அதனால்தான் சுக்கு தொண்டையில் நின்று எரிகிறது. ஆனால் பச்சை இஞ்சியின் எலுமிச்சை போன்ற வாசனை சுக்கில் குறைந்துவிடும். ஆரஞ்சுத் தோலோடு இணைவது பச்சை இஞ்சிதான். மல்லி விதை, கருப்பட்டியோடு இணைவது சுக்கு. இரண்டும் வேறு வேறு பானங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இரவுப் பணி செவிலி

பொறுமையாகப் படித்துக்கொண்டு வந்தேன். யாரும் சொல்லாததைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துகள் அந்தக் குடலில் முளைத்து, உடலைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். "நாக்கில் தடவினால் போதும்" என்று சொல்லும் பாட்டிகளிடம் நான் வார்டில் மன்றாடியிருக்கிறேன். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவு இருமலில் தேன் உதவும்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தினமும் இஞ்சியை அதிகமாகக் குடிக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். எலுமிச்சைக்குப் பதில் பம்பளிமாசு போடலாமே என்று யாராவது நினைத்தால், கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேண்டாம். சில மாத்திரைகளின் அளவை அது உடலில் ஏற்றிவிடும். சர்க்கரை நோயாளிக்குத் தேனும் சர்க்கரைதான், கருப்பட்டியும் சர்க்கரைதான்.

எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. புளிப்பு ஆகாது. அதனால் நான் எலுமிச்சைப் பழத்தையே விட்டுவிட்டு எலுமிச்சை இலையைப் போடுகிறேன். நான்கு இளம் இலை, நடு நரம்பை உருவி எடுத்துவிட்டு, கையில் கசக்கி, அணைத்தபின் போட்டு மூடிவைத்தால் மணம் இருக்கும், புளிப்பு இருக்காது. இஞ்சியும் பாதி அளவுதான்.

எர்ணாவூர் பம்பு

எங்கள் தெரு போர் தண்ணீரில் இதே குடிநீர் வைத்தால் புளிப்பே தெரியவில்லை, உப்புக் கரிக்கிறது. கேன் தண்ணீரில் அதே அரை மூடி நாக்கைச் சுண்டி இழுக்கிறது. வாத்தியார் சொல்லட்டும், ஏன்?

பெரம்பூர் வேதியியல் வாத்தியார்

உங்கள் தண்ணீரில் பைகார்பனேட் உப்பு மிகுதி. அது எலுமிச்சையின் அமிலத்தை முறித்துவிடுகிறது. அடியில் வெள்ளையாகப் படிகிற பாத்திரமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். கரிப்பு கடல் நீர் ஏறியதால். எலுமிச்சையைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும்.

கல்மண்டபத்து மருமகள்

நேற்று இரவு மூன்று எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தேன். ஒரே கேன் தண்ணீர், ஒரே அளவு இஞ்சி, மூன்றிலும் தோல் சீவியது. முதலாவது மாமியார் முறை. இரண்டாவது என் முறை. மூன்றாவது செவிலி அக்காவின் எலுமிச்சை இலை. பக்கத்து வீட்டுத் தொட்டிச் செடியில் கேட்டுப் பறித்தேன். எது எதில் என்று சொல்லாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

என் கணவர் காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலை செய்கிறார். நனைந்து வந்த குளிரில் மூன்றையும் ஒரு வாய் குடித்துவிட்டு, முதலாவதை முழுதாகக் குடித்தார். பிள்ளைகள் இரண்டாவதைக் குடித்தார்கள். முதலாவதை வாயில் வைத்ததும் துப்பினார்கள். மாமியார் மூன்றையும் முகர்ந்து பார்த்தார், பேசவில்லை. மூன்றாவதை எடுத்துக்கொண்டு போய் வாசல் திண்ணையில் உட்கார்ந்து மெல்லக் குடித்தார். "வேப்பிலைக்கட்டி மணக்கிறது" என்றார். அவர் அம்மா நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும் இடித்து வேப்பிலைக்கட்டி செய்வாராம். பெயரில்தான் வேப்பிலை, ஒரு வேப்பிலையும் அதில் இல்லை என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

முதலாவதில் ஒரு மிடறு மிச்சம் வைத்து அரை மணி கழித்து நானே குடித்தேன். முதலில் இருந்ததைவிடக் கசந்தது. வாத்தியார் சொன்னது சரி.

கொருக்குப்பேட்டை கேட்டடி

விதையை எடுத்துவிட்டுக் கொதிக்க வைக்கச் சொல், மகளே. அந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். தோலை எடுக்கச் சொல்ல மாட்டேன். உன் வீட்டுக்காரர் எதைக் குடித்து முடித்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

கல்மண்டபத்து மருமகள்

அவருக்கு மட்டும் விதை நீக்கித் தோலோடு கொதிக்க வைக்கிறேன், ஐயா. அதுவும் ஐந்து நிமிடம்தான், கால் மணி கிடையாது. பிள்ளைகளுக்கு என் முறை. மாமியாருக்கு இலை. தொட்டிச் செடியில் இனி ஏழெட்டு இலைதான் மிச்சம். கல்மண்டபம் மார்க்கெட்டில் எலுமிச்சை இலை விற்கிறார்களா என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.