புதுப்பிப்பு: கிக்கை மாத்தி எழுதினேன், ஆர்டர் வந்திருக்கு

"எல்லா கிராஃபிக் டிசைனும் செய்வேன்"னு ஃபைவர்ல (ஆன்லைன்ல வேலை விக்கிற தளம்) கிக், அதாவது என் வேலைக்கான விளம்பரம், போட்டு ஈ காக்கா எட்டிப் பாக்கலன்னு போன மாசம் புலம்பினேனே, அதோட தொடர்ச்சி.

இப்ப ஒரே வேலைதான்: பழைய தரைக்கல் கோலத்தை வெக்டர் பேட்டர்னாக்கித் (எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காத டிசைன்) தருவேன். தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். அதனால வாங்குறவங்க தேடுற சொல்லை முன்னாடி வச்சேன்.

ஆளை இழுத்தது படம்தான்னு நினைக்கிறேன். இரவல் மாக்அப்பை (டிசைனைக் காட்டுற ரெடிமேட் மாதிரிப் படம்) நீக்கிட்டு, காரைக்குடி வீட்டு வளவுல இருக்கிற ஆத்தங்குடிக் கல்லை (செட்டிநாட்டுப் பூப்போட்ட தரைக்கல்) போட்டோ எடுத்து, பக்கத்துலயே நான் வரைஞ்சதையும் வச்சேன். ("தரையையாடா விக்கப் போற?" – அப்பத்தா.)

விலை 5 டாலர்னு போட்டிருந்தது என் மடத்தனம். 20 சதவீதம் கமிஷன் போனா கைக்கு 4தான். இப்ப 50. திருத்தம் 2 தடவைதான்னும் எழுதிட்டேன்.

நேத்து முதல் ஆர்டர். அவருக்கு சிவப்பு வேண்டாமாம், நீலம் வேணுமாம்.