கொலஸ்ட்ரால் நார்மலான பிறகும் ஸ்டாடின் எதற்கு? மருந்துக் கடை அனுபவம்

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என்னிடம், இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்பவர்களைவிடக் ஸ்டாடின் என்னும் கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பவர்களே அதிகம். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், லேப் ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்து, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 64 என்ற வரியில் விரலை ஊன்றி, "தம்பி, இதற்குமேல் குறைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்றார். சீட்டில் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாடின் 40 மி.கி., 0-0-1 (இரவில் மட்டும் ஒன்று) என்று எழுதியிருந்தது. அந்த 64 என்பதே மாத்திரை கொடுத்த எண்தான், நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கு ஏறிவிடும் என்றேன். அவர் அதோடு விடவில்லை, "இரத்தக் குழாயில் வேறு ஏதோ நன்மையும் செய்யும் என்று டாக்டர் சொன்னாரே, அது என்ன?" என்று கேட்டார்.

கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையின் தொடக்கத்தில் உள்ள ஒரு நொதியை ஸ்டாடின் தடுக்கிறது. அதே பாதையிலிருந்து கிளைத்து உருவாகும் வேறு சில பொருள்களும் அதனால் குறைவதால், அவற்றை நம்பியிருக்கும் சமிக்ஞைப் புரதங்கள் அடங்கி, இரத்தக் குழாயின் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது என்பது ஆய்வகத்தில் கண்டது. குழாய்ச் சுவரின் அழற்சியும் தணிகிறது. மாரடைப்பு பெரும்பாலும் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வருகிறது என்பதால், திட்டின் மேல்மூடி தடித்து உறுதிப்படுவதே நோயாளிக்குப் பெரிய லாபம். இப்படி உறுதிப்படும்போது, ஸ்டாடின் எடுப்பவர்களுக்குத் திட்டில் சுண்ணாம்பு இறுகி, சி.டி. ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் ஏறுவதும் உண்டு. அதைப் பார்த்து மாத்திரை வேலை செய்யவில்லை என்று பதறி வந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

இந்தக் கூடுதல் நன்மைக்குச் சான்றாகப் பலரும் காட்டுவது 2008-இல் வெளிவந்த ஜூபிடர் ஆய்வு. எல்.டி.எல். 130-க்குக் கீழே இருந்தும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. உயர்ந்திருந்த 17,802 பேரில் ஒரு பாதியினருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாடினை 20 மி.கி. கொடுத்ததில், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 44 சதவீதம் குறைந்தன. ஆனால் அவர்களுடைய எல்.டி.எல்.லும் பாதியாகக் குறைந்திருந்ததை விட்டுவிட்டு, அழற்சி தணிந்ததால்தான் பலன் என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அழற்சியை மட்டும் அடக்கும் கனகினுமாப் என்ற ஊசி மருந்து, எல்.டி.எல்.லைத் தொடாமலே மாரடைப்பைக் குறைக்க முடியும் என்று 2017-இல் காட்டியது உண்மைதான். அதே ஆண்டில் எவலோகுமாப் என்ற இன்னொரு ஊசி மருந்து, சி.ஆர்.பி.யைக் குறைக்காமல் எல்.டி.எல்.லை மட்டும் இறக்கியே பலன் தந்தது. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் என்ற மாத்திரையும், ஸ்டாடினுடன் சேர்த்தபோது, குறைந்த எல்.டி.எல்.லுக்கு ஏற்ற அளவில் பலன் தந்தது. ஆக, ஸ்டாடினின் பலனில் பெரும்பங்கு எல்.டி.எல். வழியாகவே வருகிறது என்றும், மற்றவை துணைக்கு நிற்கின்றன என்றும் கொள்வதே நியாயம்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட ஆசிரியர், தம்முடைய அண்ணனுக்கு இதயம் பலவீனமாகி மூச்சிரைப்பு இருக்கிறது, அவருக்கும் இது உதவுமா என்றார். அடைப்பினால் இதயம் செயலிழந்து வந்த முதியவர்களிடம் நடத்தி 2007-இல் வெளிவந்த கொரோனா என்ற ஆய்வில் (தொற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்., சி.ஆர்.பி. இரண்டையும் நன்றாகவே இறக்கியது. ஆனாலும் முதன்மையாக எதிர்பார்த்த பலன் தெளிவாகக் கிட்டவில்லை. அதனால் அண்ணனின் எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவருடைய டாக்டரிடமே கேளுங்கள் ஐயா என்று சொல்லி, இவருக்குரிய மாத்திரையை ஒரு மாதத்துக்குக் கட்டிக் கொடுத்தேன்.